கிகாபைட் எம்28யூ: வேலூர் வெயிலில் 4கே கேமிங்

28 அங்குலத் திரை, 3840×2160 புள்ளிகள் (இதுதான் 4கே), நொடிக்கு 144 முறை படம் மாறும் 144 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ் வகைப் பேனல். கிகாபைட் எம்28யூ மானிட்டர் வெளிவந்தது 2021இல். அதன் பிறகு எத்தனையோ மானிட்டர்கள் வந்துவிட்டன. ஆனாலும் பெரிய செலவில்லாமல் 4கேயில் கேம் ஆட நினைக்கும் வேலூர்க்காரருக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம். நிபந்தனை ஒன்றுதான்: எல்லா கேமையும் முழு 4கேயிலேயே ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. திரை 4கேயாக இருக்கட்டும். கிராஃபிக்ஸ் கார்டு உள்ளே எந்த அளவில் படத்தை வரைய வேண்டும் என்பதை கார்டின் பலமும் அறையின் சூடும் முடிவு செய்யட்டும். இது புரிந்துவிட்டால் மானிட்டர் பல வருடம் உழைக்கும். புரியாவிட்டால், மூன்றாம் வாரமே 1080பிக்கு (1920×1080) இறக்கி வைத்துக்கொண்டு ஏன் வாங்கினோம் என்று தோன்றும்.

4கே என்றால் சுமார் 82.9 லட்சம் புள்ளிகள். 1080பியில் 20.7 லட்சம், 1440பியில் (2560×1440) 36.9 லட்சம். 28 அங்குலத்தில் 4கேயின் புள்ளிகள் ஓர் அங்குலத்துக்கு 157 என்ற அடர்த்தியில் அமைகின்றன. வீடுகளில் இன்றும் அதிகம் இருக்கும் 24 அங்குல 1080பி மானிட்டரில் அந்த எண்ணிக்கை 92 தான். நல்ல பார்வை உள்ளவர் கண்ணுக்கு 157 அடர்த்தியில் தனிப் புள்ளி தெரியாமல் போகும் தூரம் ஏறக்குறைய 56 செ.மீ. 92 அடர்த்தியில் அதற்கு 95 செ.மீ. தள்ளி உட்கார வேண்டும். சாதாரண மேசையில் யாரும் அவ்வளவு தள்ளி உட்காருவதில்லை. 1080பியில் தூரத்து மரக்கிளையும் மின்கம்பியும் படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரிவதற்கும், இங்கே ஒரே கோடாக ஓடுவதற்கும் காரணம் இதுதான்.

இந்த வித்தியாசம் தமிழ் எழுத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். ‘ணை’, ‘ஜூ’, ‘ஙு’ போன்றவற்றின் சுழிகள் 92 அடர்த்தியில் அடைபட்டுப் போகும்; இங்கே உள்வெளி பிரிந்து நிற்கும். பகலில் வேலை, இரவில் கேம் என்று ஒரே திரையை வைத்துக்கொள்பவர்கள் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் ஸ்கேலிங்கை 150 சதவீதத்தில் வையுங்கள். 100இல் விட்டால் எழுத்து எறும்பு போல இருக்கும், ஒரு மணி நேரத்தில் கழுத்து முன்னால் நீளும். பழைய கேம்கள் சிலவற்றில் மெனு எழுத்தைப் பெரிதாக்கவே வழி இருக்காது. அவற்றை 1080பியில் ஓட்டி, என்விடியா கண்ட்ரோல் பேனலில் ‘இன்டிஜர் ஸ்கேலிங்’ போட்டால், ஒரு புள்ளி சரியாக நான்கு புள்ளியாக விரியும், மங்கல் இருக்காது. 4கே அகலத்திலும் உயரத்திலும் 1080பியின் சரியான இரட்டிப்பு என்பதால் கிடைக்கும் சலுகை இது. 1440பி திரைக்கு இந்த வசதி இல்லை.

கார்டுதான் முக்கியம்

நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்தையும் வரைய கார்டுக்கு 16.7 மில்லிசெகண்ட் கிடைக்கும். 144 வேண்டுமென்றால் 6.9 தான். அந்த நேரத்துக்குள் 83 லட்சம் புள்ளிகளை ரே டிரேசிங்கோடு (ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) வரைந்து முடிப்பது விலை உயர்ந்த கார்டுகளுக்கே மூச்சு வாங்கும் வேலை. குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் (என்விடியாவுடையது), எஃப்எஸ்ஆர் (ஏஎம்டியுடையது) இரண்டும் உதவிக்கு வருவது இங்கேதான். 4கே திரையில் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி போட்டால் கார்டு உண்மையில் வரைவது 2560×1440. பெர்ஃபார்மன்ஸ் போட்டால் 1920×1080. மீதியை முந்தைய ஃபிரேம்களிலிருந்து எடுத்து நிரப்புகிறது. 1080பி திரையில் டிஎல்எஸ்எஸ் பெர்ஃபார்மன்ஸ் போட்டால் உள்ளே 960×540 தான் என்பதால் படம் கஞ்சியாகிவிடும். 4கேயில் அதே பெர்ஃபார்மன்ஸ் முறையில் கையில் 20 லட்சம் புள்ளிகள் இருப்பதால் படம் நன்றாகவே நிற்கிறது. 2025 தொடக்கத்தில் டிஎல்எஸ்எஸ் 4 வந்த பிறகு இன்னும் நன்றாக. அந்த மேம்பாடு பழைய ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் கிடைக்கிறது. எஃப்எஸ்ஆர் 4 அப்படியில்லை, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9000 வரிசைக்காக வந்தது. ஏஎம்டியின் பழைய ரேடியான் கார்டு வைத்திருப்பவர்கள் எஃப்எஸ்ஆர் குவாலிட்டிக்குக் கீழே இறங்கினால் புல்லும் கம்பி வேலியும் மினுமினுக்கும்.

8 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டோடு இந்த மானிட்டரை வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சராசரி ஃபிரேம் பரவாயில்லாமல் இருக்கும், ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் இடறும். நினைவகம் நிரம்பியதும் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) கணினியின் ரேமுக்கும் கார்டுக்கும் இடையே அலைவதுதான் காரணம். அங்கே டிஎல்எஸ்எஸ்ஸைக் குறைப்பதைவிட டெக்ஸ்சரை ஒரு படி இறக்குவதுதான் மருந்து. 12 ஜிபி உள்ள 3060இல் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் வேகமும் குறைவு. புதிதாக வாங்குவதென்றால் 12 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். 16 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி போன்றவை இந்தத் திரைக்குச் சரியான ஜோடி.

எந்த செட்டிங்கை முதலில் குறைப்பது? எம்எஸ்ஏஏ இருந்தால் முதல் வேலையாக அணையுங்கள். ஓரங்களை மழுப்ப வந்த அந்த வசதிக்கு 157 அடர்த்தியில் பெரிய வேலை இல்லை, கார்டை மட்டும் தின்னும். ஜிடிஏ 5இல் இதை அணைத்து, புல்லை அல்ட்ராவிலிருந்து ஒரு படி இறக்கினாலே ஆட்டம் வேறு மாதிரி ஓடும். அடுத்து வால்யூமெட்ரிக் மேகம், நிழல், பிரதிபலிப்பு. டெக்ஸ்சரை மட்டும் நினைவகம் இடம் கொடுக்கும்வரை உயரத்திலேயே விடுங்கள், 4கேயின் அழகே அங்குதான் இருக்கிறது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1080பியில் அதன் மரங்களும் குதிரையின் பிடரியும் எப்போதும் ஒரு மூட்டத்துக்குள் இருக்கும்; 4கேயில் அந்த மூட்டம் விலகிவிடும். சைபர்பங்க் 2077இன் பாத் டிரேசிங்கை (ரே டிரேசிங்கின் இன்னும் கனமான வடிவம்) நடுத்தர கார்டில் தொடாதீர்கள்.

வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மட்டுமே ஆடுபவர்கள் இந்த மானிட்டரை வாங்க வேண்டாம். அதே பணத்துக்கு 240 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும் 1080பி அல்லது 1440பி திரை கிடைக்கும், அந்த ஆட்டங்களுக்கு அதுதான் பொருத்தம்.

இணைப்பதில் நடக்கும் தவறுகள்

பின்னால் இரண்டு எச்டிஎம்ஐ 2.1, ஒரு டிஸ்ப்ளேபோர்ட் 1.4, ஒரு யூஎஸ்பி-சி இருக்கின்றன. கணினிக்கு டிஸ்ப்ளேபோர்ட்டைப் பயன்படுத்துங்கள். 4கே, 144 ஹெர்ட்ஸ், 8 பிட் நிறம் மூன்றும் சேர்ந்தால் நொடிக்கு 28.7 ஜிகாபிட் தேவை, டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உண்மையில் கடத்துவது 25.9 தான். அதனால் டிஎஸ்சி என்ற சுருக்கும் முறை தானாக வேலை செய்யும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் முழுத்திரை கேமிலிருந்து ஆல்ட்-டேப் அடித்தால் ஓரிரு நொடி திரை கருக்கும். மானிட்டர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கேமில் ‘பார்டர்லெஸ்’ முறைக்கு மாற்றினால் நின்றுவிடும். ஜிடிஎக்ஸ் 1060, 1070, 1080 கார்டுகளில் டிஎஸ்சி கிடையாது, அவற்றில் 4கேயில் 120 ஹெர்ட்ஸோடு நிற்க வேண்டும்.

விஐடி பக்கம் லேப்டாப்பில் ஆடும் மாணவர்கள் அதிகம். லேப்டாப்பின் எச்டிஎம்ஐ 2.0 ஆக இருந்தால் 4கேயில் 60 ஹெர்ட்ஸ்தான் வரும். வாங்குவதற்கு முன் லேப்டாப்பின் விவரத்தைப் பாருங்கள். யூஎஸ்பி-சி வழியாகக் காட்சியும், மானிட்டரில் செருகிய கீபோர்டு, மவுஸும் ஒரே கேபிளில் லேப்டாப்புக்குப் போகும். கேவிஎம் பட்டனை அழுத்தினால் அதே கீபோர்டும் மவுஸும் பக்கத்திலுள்ள டெஸ்க்டாப்புக்கு மாறும். இந்த மானிட்டரில் மிகவும் பாராட்ட வேண்டிய வசதி இது, அலுவலக லேப்டாப்பும் சொந்தக் கணினியும் ஒரே மேசையில் இருக்கும் வீட்டில் தினமும் கை கொடுக்கும். அந்த யூஎஸ்பி-சி லேப்டாப்பை சார்ஜ் செய்யப் போதாது, சார்ஜரைத் தனியாகப் போட வேண்டும்.

பிளேஸ்டேஷன் 5ஐ எச்டிஎம்ஐ 2.1இல் செருகினால் 4கே 120 ஹெர்ட்ஸ் கிடைக்கும். பெட்டியோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். தனியாக வாங்குவதானால் ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ சான்று உள்ள, 2 மீட்டருக்கு மிகாத கேபிள் போதும். உறையில் வெறுமனே ‘8கே’ என்று அச்சடித்த மலிவு கேபிள்களில் அங்கங்கே வெள்ளைப் பொறி தெறிக்கும், அல்லது சில நிமிடத்துக்கு ஒரு முறை திரை கருத்துத் திரும்பும். பலர் மானிட்டரை சர்வீசுக்கு அனுப்புவது இந்தக் கேபிளால்தான்.

முதல் நாள் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ போய் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். பல கணினிகளில் அது 60இலேயே நிற்கும், வருடக் கணக்கில் கவனிக்காமல் விட்டவர்கள் உண்டு. கார்டின் வேகத்தோடு திரையின் வேகத்தை ஒத்துப்போக வைக்க, மானிட்டர் மெனுவில் ஃப்ரீசிங்க்கை இயக்குங்கள், என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க்கையும். ஓவர்டிரைவை (புள்ளிகள் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் வசதி) ‘பேலன்ஸ்’இல் வையுங்கள். ‘ஸ்பீடு’ போட்டால் நகரும் பொருளுக்குப் பின்னால் வெளிறிய நிழல் ஒட்டிக்கொண்டு வரும். எச்டிஎம்ஐ வழியாகக் கணினியை இணைத்துக் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், என்விடியா பேனலில் ‘அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்’ லிமிடெட்டில் நிற்கிறது என்று பொருள். ஃபுல்லுக்கு மாற்றுங்கள்.

கறுப்பும் எச்டிஆரும்

எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கூடுதல் வித்தியாசம் காட்டும் வசதி. பெட்டியில் டிஸ்ப்ளே எச்டிஆர் 400 என்று போட்டிருக்கும். அதை நம்பி வாங்காதீர்கள். அந்தச் சான்று கேட்பது 400 நிட் உச்ச வெளிச்சம். திரையின் ஒரு பகுதியை மட்டும் இருட்டாக்கும் திறமையை அது கட்டாயமாக்குவதில்லை. ஐபிஎஸ் பேனலின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 1000:1 அளவில்தான் இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு குகைக்குள் நடக்கும் காட்சியை ஆடினால் கறுப்பு இருக்க வேண்டிய இடம் சாம்பல் பூத்தாற்போல் தெரியும், மூலைகளில் வெளிச்சம் கசியும். பின்சுவரில் ஒரு மங்கலான விளக்கு எரிந்தால் இது பெருமளவு மறையும். எச்டிஆரை வழக்கமாக அணைத்து வையுங்கள். வேண்டிய கேமுக்கு மட்டும் விண்டோஸ், ஆல்ட், B மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி இயக்கிக்கொள்ளலாம். நிறத்தில் குறை சொல்ல முடியாது. டிசிஐ-பி3 நிற எல்லையில் 94 சதவீதம் என்கிறது நிறுவனம், பச்சையும் சிவப்பும் செழிப்பாக வருகின்றன.

ஸ்டாண்டு 130 மி.மீ. ஏறி இறங்கும், முன்பின் சாயும். திரையைச் செங்குத்தாகத் திருப்ப முடியாது.

ஆழ்ந்த கறுப்புதான் வேண்டும் என்றால் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை. விலை மிகவும் ஏறும். அதோடு, ஜன்னல் திறந்த வெளிச்சமான அறையில் அதன் ஒரு வகையான கியூடி-ஓஎல்இடி திரையின் கறுப்பு ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். பகலெல்லாம் ஒரே டாஸ்க்பாரைக் காட்டிக்கொண்டிருந்தால் தடம் பதியும் ஆபத்தும் உண்டு. 8கே? டெல் நிறுவனம் 2017லேயே 31.5 அங்குலத்தில் 7680×4320 மானிட்டரைக் கொண்டுவந்தது. இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போட்டும் 60 ஹெர்ட்ஸ்தான். புகைப்பட வேலைக்கு அருமை, கேமுக்கு இல்லை.

வெயிலும் கரண்டும்

அக்னி நட்சத்திரத்தில் வேலூரின் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. சுற்றியுள்ள பாறை மலைகளும் காங்கிரீட் தளமும் வாங்கிய சூட்டை இரவிலும் விட்டுக்கொண்டிருக்கும். பெரும்பாலான மானிட்டர் கையேடுகள் இயங்கும் வெப்பத்தை 0 முதல் 40 டிகிரி என்று போட்டிருக்கின்றன. ஏசி இல்லாத மேல்தளத்து அறையில் மதியம் அந்த எல்லை கடந்துவிடும். மானிட்டரை மேற்குச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். பின்புறம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

கார்டின் கதை இன்னும் கடினம். அறை 30 டிகிரியில் இருக்கும்போது 70இல் நிற்கும் கார்டு, அறை 40 ஆனால் ஏறக்குறைய 80க்குப் போகும். 4கேயில் கார்டு முழு மூச்சில் ஓடுவதால், கணினி 400 வாட், மானிட்டர் 50 வாட் என்று அறைக்குள் 450 வாட் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி அதே சூட்டைத்தான் சுற்றிவிடும். மே மாதத்தில் ஃபிரேமை நொடிக்கு 72க்குக் கட்டிவிடுங்கள். 144இல் அது சரிபாதி, கதை சொல்லும் கேம்களுக்குத் தாராளம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கினால் பொதுவாக சில ஃபிரேம்களே குறையும், சூடும் விசிறிச் சத்தமும் நன்றாகத் தணியும். கேபினட் வடிகட்டியை மாதம் ஒரு முறை தட்டித் துடையுங்கள். காய்ந்து கிடக்கும் பாலாற்றங்கரையிலும் நெடுஞ்சாலையோரத்திலும் இருப்பவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை.

மின்கட்டணக் கணக்கு இப்படி: 450 வாட், நாளுக்கு 3 மணி நேரம், இரண்டு மாதத்தில் 81 யூனிட். ஃபிரேமைக் கட்டி 300 வாட்டுக்கு இறக்கினால் 54. நம் மாநிலத்தில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளின் கட்டணமும் உயரும். ஏற்கெனவே ஏசி ஓடும் வீட்டில் அந்த 27 யூனிட் எல்லையைத் தாண்ட வைக்கலாம்.

யூபிஎஸ் விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். 600 விஏ யூபிஎஸ் என்றால் பெரும்பாலும் 360 வாட்தான். கேம் ஓடும்போது கரண்ட் போனால் 450 வாட் சுமையைத் தாங்காமல் அதுவும் சேர்ந்து அணையும். டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது சோதித்தால் நன்றாக வேலை செய்வது போலத் தெரியும். 1000 விஏக்குக் குறையாமல், 600 வாட் தாங்குவதாக வாங்குங்கள். வீட்டு இன்வர்ட்டரை நம்புவதானால் அது ‘யூபிஎஸ் மோடு’இல் இருக்கிறதா என்று பாருங்கள். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ், கரண்ட் இல்லாமல் தாங்குவது சுமார் 16 மில்லிசெகண்ட். சாதாரண முறையில் இன்வர்ட்டர் மாற அதைவிட அதிக நேரம் எடுக்கலாம். ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் புதிய எஸ்எம்பிஎஸ்கள் ரீங்கரிக்கும், சில சமயம் அணைந்தே போகும். சைன் வேவ்தான் வேண்டும். இன்வர்ட்டருக்கு மாறியதும் கேமை சேவ் செய்து மூடுங்கள். அந்த பேட்டரி இரவு முழுக்க வீட்டின் மின்விசிறிகளுக்கு வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறொரு தொல்லை. வெளிச்சத்தைத் தேடி வரும் பொடிப் பூச்சிகள் காற்றுத் துளை வழியாகப் பேனலின் அடுக்குகளுக்கு இடையே போய்விடும். திரையில் நகரும் கறுப்புப் புள்ளியைக் கண்டதும் விரலால் அழுத்திக் கொல்லாதீர்கள். செத்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், பேனலைப் பிரிக்காமல் எடுக்க முடியாது. மானிட்டரை அணைத்து, அறையின் மறுமூலையில் ஒரு விளக்கை எரியவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். திரையைத் துடைக்க மைக்ரோஃபைபர் துணியும் கொஞ்சம் தண்ணீரும் போதும். கண்ணாடி துடைக்கும் திரவம் மேற்பூச்சைக் கெடுக்கும்.

வாங்கும்போது

வேலூர்க் கடைகளில் 4கே கேமிங் மானிட்டரைக் காட்சிக்கு வைத்திருப்பது அரிது, சொன்னால் வரவழைத்துத் தருவார்கள். நேரில் பார்த்து வாங்க விரும்புபவர்கள் காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறார்கள். எங்கே வாங்கினாலும் கடையிலேயே இயக்கச் சொல்லி, முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படங்களை ஓட்டிப் பாருங்கள். ஐந்தையும் பென்டிரைவில் கொண்டுபோனால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வெள்ளையில் கறுப்பாக நிற்பது செத்த புள்ளி, கறுப்பில் நிறமாக எரிவது சிக்கிக்கொண்ட புள்ளி. ஒன்றிரண்டு புள்ளிக்கெல்லாம் வாரன்ட்டியில் மாற்றித் தர மாட்டார்கள், கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் கேட்பதுதான் பலிக்கும். ஆன்லைனில் வந்தால் பெட்டியைப் பிரிப்பதை இடைவெட்டில்லாமல் வீடியோ எடுங்கள்.

ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பழுதானால் சர்வீஸ் வேலூரிலேயே நடக்குமா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா, அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். தெர்மாகோலோடு பெட்டியைப் பரணில் பத்திரமாக வையுங்கள். வெறும் அட்டை சுற்றி பார்சல் சர்வீசில் போட்ட 28 அங்குலப் பேனல் முழுசாகப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. வழியில் விழுந்த கீறலுக்கு வாரன்ட்டியும் கிடையாது.